கித்தார்ப் புலவர் பெர்னாந்தோ சோர்

மேனாட்டு இசைக்கருவிகளுள் நம்மனோர் கைக்கு எளிதில் எட்டியது கித்தார். விடுதியறை ஒன்றில் ஒருவர் அதனை வைத்திருப்பாராயின், மாலைதோறும் அவ்வறை வாயிலில் நாலைந்து பேர் கூடுதல் இயல்பு. ஆயின் இக்கருவியைக் கற்கப் புகுவாருட் பெரும்பாலோர், இடக்கை விரல்களை நரம்புகளின்மேல் வைத்தற்குரிய சில அமைப்புகளை மனப்பாடஞ் செய்து, ஓர் அமைப்பினின்று மற்றோர் அமைப்பிற்குத் தாவுதலே வித்தை எனக் கருதி அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். தாவுங்கால் கை முழுதும் நரம்பைவிட்டு எழுகின்றது, ஒலி அறுகின்றது, உடன் பாடுவார் ஒரு கணம் பிடியிழந்து தவிக்கின்றனர். இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இருநூறு ஆண்டுகட்கு முன்னரே இதனைக் கண்டு மனம் பொறாது, கித்தாரில் ஒரு சுரக்கூட்டும் அடுத்த சுரக்கூட்டும் உறவுடையனவாய் நடத்தல் வேண்டும் எனத் தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய பெரியார் ஒருவர் இருந்தார். அவரே பெர்னாந்தோ சோர் என்னும் ஸ்பானிய இசைப்புலவர். அன்னார் வரலாற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

ஸ்பெயின் தேசத்தின் வடகீழ்ப் பகுதியாகிய கத்தலோனியாவில், பார்சலோனா என்னும் கடற்கரைப் பட்டினத்திற் சோர் பிறந்தார். 1778 ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 14 ஆம் நாள் அவர்க்கு ஞானஸ்நானம் அளிக்கப்பெற்றது. தந்தையார் இசையில் ஈடுபாடு உடையவர். இத்தாலிய இசை நாடகங்களின் சுவையை மைந்தனுக்கு ஊட்டியவரும், கித்தாரை அவன் கையில் எடுக்கச் செய்தவரும் அவரே. எனினும் மகன் படையிலோ அரசாங்க அலுவலிலோ அமர்தல் வேண்டும் என்பதே பெற்றோர் கருத்து. அதற்கென இலத்தீன் கற்பித்தனர். சிறுவனோ பாடத்தில் வந்த இலத்தீன் சொற்களுக்கு மெட்டமைத்துப் பாடிக் காட்டினான் என்பர். நன்னூற் சூத்திரங்களை மறவாதிருக்கும் பொருட்டு இராகம் இழுத்துப் படித்த நாள்கள் இதனை எழுதும்போது எமக்கு நினைவு வருகின்றன. எம் இழுவையினின்று இசை பிறந்திலது என்பதொன்றே வேறுபாடு.

பிள்ளைப் பருவம் கடக்குமுன்னரே தந்தையார் இறந்தார். கல்விக்குப் பொருளின்றிக் குடும்பம் தளர்ந்த நிலையில், மொன்செராத் மடத்தின் தலைவர் அச்சிறுவனைத் தம் பாடற்பள்ளியிற் சேர்த்துக்கொண்டார். மொன்செராத் என்பது பார்சலோனாவிற்கு அணித்தே, வாளரம் போலும் பற்பல சிகரங்களையுடைய ஒரு மலை. அதன்மேற் பெனடிக்டுச் சபைத் துறவியர் மடம் ஒன்றும், மிகப் பழையதாகிய சிறுவர் பாடற்குழு ஒன்றும் உள்ளன. அக்குழுவில் ஆசான் அன்செல்ம் வியோலா என்பாரிடத்துச் சோர் இசையிலக்கணம் முறையாகப் பயின்றார். அங்கே ஆலயத்திற் பாடப்பெற்றவை ஒரு குரற் பாட்டுகள் அல்ல. பல குரல்கள் ஒருங்கே, ஆயின் வெவ்வேறு வழியில் நடக்கும் பாட்டுகள். ஒவ்வொரு குரலுக்கும் தனக்கென ஒரு நடையுண்டு. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கும்.

இவ்வாறு நிற்கும் குரலைப் பற்றி ஒரு சொல். நம் கல்லூரி ஆலயத்தில் நான்கு குரலாகப் பாமாலை பாடும்போது, ஆல்டோ வரியைப் பாடுவார் தமக்கு வாய்த்த சுரம் நகராதிருத்தலை எண்ணிச் சலித்துக்கொள்வதை யாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். யாமும் சலித்ததுண்டு. அந்நகராத சுரமே மேலும் கீழும் நகரும் மற்றைக் குரல்களை ஒன்றோடொன்று பிணிப்பது என்பதை யாம் அறிந்தது, சோர் எழுதிய பயிற்சிப் பாடங்களைக் கித்தாரில் வாசிக்கத் தொடங்கிய பின்னரே. மடத்துச் சிறுவனாகிய சோர் அதனைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே காதாற் கற்றுக்கொண்டார்.

மடத்தைவிட்டு நீங்கிய பின் பார்சலோனாவிற் படைப்பள்ளியிற் சேர்ந்தார். அங்கேயும் இசைக்கே பொழுது மிகுதியாகக் கிடைத்தது போலும். 1797 ஆம் ஆண்டில், கலிப்சோவின் தீவில் தெலேமாக்கோ என்னும் அவரது இசை நாடகம் அந்நகர் நாடக சாலையில் அரங்கேறியது. அப்போது அவர்க்கு வயது பத்தொன்பது. அவ்வயதே உடையேமாகிய யாம் இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதி முடிப்பதற்கே படும் பாட்டை ஆசிரியர் அறிவர்.

பின்னர் மாத்ரித் தலைநகர் சென்று ஆல்பா கோமகளின் ஆதரவைப் பெற்றார். 1802 இல் அவ்வம்மையார் காலஞ்சென்றமையின் மெதினாசெலிக் கோமகனை அடைந்து, அவருடைய நிலங்களை மேற்பார்க்கும் அலுவலில் அமர்ந்தார்.

இளமைப் பருவத்தே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அவர் வழியைத் திருப்பியது. அக்காலத்திற் கித்தார், பாடுவார்க்குத் தாளத்தோடு நரம்பைத் தடவிக்கொடுக்கும் துணைக்கருவி என்ற அளவிலேயே பெரும்பாலும் மதிக்கப்பட்டது. ஒரு நாள் சோலானோ என்னும் படைத்தலைவரின் உடன்பிறந்தார், பாட்டு ஒன்றிற்குக் கித்தாரில் துணை வாசிக்கக் கேட்டார் சோர். அத்துணையில் வெறும் தடவல் இல்லை. தனித்தனிக் குரல்கள் தத்தம் வழியில் நடந்து செல்லுதல் காதுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. மடத்து ஆலயத்திற் கேட்ட அதே நடை ஆறு நரம்பில் ஒலித்தல் கண்டு வியந்து, அதனை அமைத்தவர் யாவர் என வினவினார். பெதரீக்கோ மொரேத்தி என்பார் பெயரைச் சொன்னார்கள். அவர் நூலைத் தேடிப் பெற்று ஆராய்ந்தார் சோர். வழி தவறிய கித்தார்க்காரர் அனைவர்க்கும் ஒளிகாட்டும் விளக்கு மொரேத்தி என்று தம் முதிர்ந்த வயதிலும் நன்றியோடு எழுதி வைத்தார்.

அங்ஙனம் அவர் கண்ட முறை யாது? மேனாட்டு இசை அறியாதார்க்கும் விளங்குமாறு சிறிது விரித்துரைப்போம்.

நம் இசையில் ஒரு நேரத்தில் ஒரு சுரமே நடக்கும். சுருதி பின்னணியில் நிற்கும். மேனாட்டார் இசையிலோ மூன்று அல்லது நான்கு சுரங்கள் ஒருங்கே ஒலித்து ஒரு கூட்டாகின்றன. அதனையே கார்டு என்பர். சங்கராபரணத்தின் சுரங்களை வைத்துப் பார்ப்போம். ச, க, ப மூன்றும் சேர்ந்தால் ஒரு கூட்டு. த, ச, க சேர்ந்தால் வேறொரு கூட்டு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குக: ச, க இரண்டும் இரண்டிடத்தும் உள்ளன. ஆகவே முதற் கூட்டினின்று இரண்டாவதற்குச் செல்வதற்கு, ப ஒன்றே த ஆக ஒரு படி ஏறினாற் போதும். மற்றை இரண்டும் அசையவேண்டுவதில்லை. இனி ம, த, ச என்னும் கூட்டிற்குச் செல்லவேண்டுமெனின், த, ச நிற்க, க ஒன்றே ம ஆகின்றது. இவ்வாறு இரு கூட்டுகட்கும் உரிமையாய் நடுவே நிற்பதனைப் பொதுச்சுரம் என்று அழைக்கலாம்.

இங்கே ஒரு தடை உண்டு. ம, த, ச என்பதனின்று ப, நி, ரி என்பதற்குச் செல்லும்போது இரண்டிற்கும் பொதுவான சுரம் ஒன்றும் இல்லை. எல்லாக் குரலும் ஒருங்கே பெயரவேண்டும். யாவும் ஒரே திசையிற் பெயர்ந்தால், ஒரு கும்பல் இடம் மாறுவது போலக் கேட்கும். பல குரல் என்னும் உணர்ச்சி கெடும். அதற்கு இசைவல்லார் கண்ட வழிகள் இரண்டு. அடிக்குரல் ஏறும்போது மேற்குரல்களை இறங்கச் செய்தல் ஒன்று. ப, நி, ரி என்னும் கூட்டோடு ம என்னும் நான்காஞ் சுரத்தையும் சேர்த்துக்கொள்ளுதல் மற்றொன்று. சேர்த்தவுடன் ம இரு கூட்டுகட்கும் பொதுவாகிவிடுகின்றது. அறுபட்ட இடத்திற் பாலம் உண்டாகின்றது. அடுத்து ச, க, ப என்னும் தொடக்கக் கூட்டிற்குத் திரும்புகையில் ப நிற்க, ம இறங்கிக் க ஆக, நி ஏறிச் ச ஆக, ரியும் அயற்சுரத்தை அடைய, வீடு வந்து சேர்ந்த நிறைவு பிறக்கின்றது.

நரம்பிற்கும் நரம்பிற்கும் உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு என நம் முன்னோர் வகுத்ததனைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையிற் கற்றோம். அவ்வுறவு தனிச்சுரங்களைப் பற்றியது. ஈண்டுக் கூறப்படுவது சுரக்கூட்டுகளின் உறவு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. ஆயினும் உறவு நோக்கி இசையை அறிதல் என்னும் நோக்கு நமக்குப் புதியதன்று.

இனி இதனைக் கித்தாரில் வைத்துக் காண்போம். மெல்லிய நரம்பை முதலாவதாக எண்ணி, ஐந்தாம் நரம்பில் மூன்றாங் கட்டில் மோதிர விரலும், நான்காம் நரம்பில் இரண்டாங் கட்டில் நடுவிரலும், இரண்டாம் நரம்பில் முதற் கட்டிற் சுட்டுவிரலும் வைப்பின், மேலே சொன்ன ச, க, ப கிடைக்கின்றது. த, ச, க வேண்டுமெனின், மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் நரம்பின் இரண்டாங் கட்டில் வைத்து, அடிக்குரலுக்கு ஐந்தாம் நரம்பைக் கட்டின்றி மீட்டினாற் போதும். சுட்டுவிரலும் நடுவிரலும் நரம்பைவிட்டு எழ வேண்டுவதே இல்லை. கற்பார் பலரோ மூன்று விரலையும் எடுத்து மீண்டும் மூன்றையும் வைக்கின்றனர். யாமும் ஓராண்டுக்காலம் அவ்வாறே செய்தோம். விரல் எழாத இடத்தில் ஒலி எழாது நிற்பதில்லை; கை இளைப்பாறுகின்றது; அதனினும் மேலாக, கேட்போர் காதில் ஒரு குரல் அறாது நிற்கின்றது. கைக்கு எளிதாவதும் காதுக்கு இனிதாவதும் ஈண்டு ஒன்றே.

அமைப்புகளை மனப்பாடஞ் செய்தலை விடுத்து, குரல்களின் நடையை அறிந்து அதற்கேற்ப விரலை வைத்தல் என்னும் இக்கொள்கையைச் சோர் இளமையிலேயே கைக்கொண்டார். அதனை உலகிற்கு எழுதி வைப்பதற்கோ நெடுங்காலம் சென்றது. இடையில் அவர் நாடே அவரைவிட்டுப் போயிற்று.

1808 ஆம் ஆண்டு நெப்போலியன் படைகள் ஸ்பெயினைக் கைப்பற்றின. அவன் தமையன் ஜோசப்பு அரியணை ஏறினான். தொடக்கத்திற் சோர் பகைவரை எதிர்த்துத் தேசபக்திப் பாடல்கள் இயற்றினார். அவை மக்கள் வாயில் வழங்கின. போர் நீண்டது. தெற்கே அந்தலூசியாவும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அந்நிலையிற் சோர் புதிய அரசிற்கு உண்மையாயிருப்பதாக உறுதிகூறி, ஹெரெஸ் நகரிற் காவல் அதிகாரியாக அலுவல் ஏற்றார்.

அவரைப் புகழ்வார் சிலர் இப்பகுதியை இரண்டு வரியிற் கடந்துவிடுகின்றனர். அது நேர்மையன்று என்பது எம் கருத்து. நேற்று எதிர்த்துப் பாடிய நாவால் இன்று உறுதிமொழி கூறியது வீரமாகாது. ஆயின் அவரைத் துரோகி என்று முடிவு கட்டவும் எம் மனம் ஒருப்படவில்லை. கற்றோர் பலர் அவரைப் போன்றே செய்தனர். பழைய அரசின் கொடுமையினும் பிரெஞ்சுச் சீர்திருத்தம் நன்மை தரும் என உண்மையாகவே நம்பியோர் அவருட் பலர். பிழைப்பிற்கே உடன்பட்டோரும் உளர். சோர் எவ்வகையினர் என்பதனை அவர் உள்ளமே அறியும். ஒன்று மட்டும் யாம் மறத்தற்கியலாதது: அவர் சிறுவராய்ப் பாடிய மொன்செராத் மடத்தை 1811, 1812 ஆம் ஆண்டுகளில் அதே நெப்போலியன் படையினர் தீயிட்டுப் பாழாக்கினர். அப்போது அவர் அவ்வரசின் கீழ் இருந்தார்.

1813 இல் பிரெஞ்சுக்காரர் தோற்றுப் பின்வாங்கவே, அவரோடு உடன்பட்டோரும் எல்லையைக் கடந்தனர். சோர் பாரிசு சேர்ந்தார். அதன்பின் இறக்கும்வரை, இருபத்தாறு ஆண்டுகள், அவர் தம் தாயகத்தை மிதிக்கவே இல்லை.

1815 இல் இலண்டன் சென்றார். பாட்டும் கித்தாரும் கற்பித்துப் பிழைத்தார். இத்தாலிய மொழியில் அவர் அமைத்த பாடல்கள் அந்நகரப் பெருமக்கள் இல்லந்தோறும் விரும்பிப் பாடப்பெற்றன. 1817 இல் பில்ஹார்மோனிக் சங்கத்தின் அவையிற் கித்தார் வாசித்தார். வயலினும் பியானோவும் ஆண்ட அரங்கில் இச்சிறு கருவி ஏறியமை வியப்புக்குரியது. மோசார்ட்டின் மாயக்குழல் நாடகத்துள் வரும் ஒரு மெட்டை எடுத்து அவர் இயற்றிய விரிவுகள் 1821 இல் அங்கே அச்சேறின. இன்றும் கித்தார் வல்லுநர் அதனைத் தம் திறமைக்கு உரைகல்லாகக் கொள்கின்றனர். 1822 இல் சிண்டிரெல்லாக் கதையைத் தழுவிச் சாந்திரியோன் என்னும் நடன நாடகத்திற்கு இசையமைத்தார். அது பாரிசிலும் நூறு முறைக்கு மேல் நடிக்கப்பெற்றது.

அதன்பின் பெலிசித்தே உல்லேன் என்னும் நடனமாதுடன் உருசியா சென்றார். 1825 சனவரியில் மாஸ்கோவின் பெரிய நாடக சாலையாகிய போல்ஷோய் திறக்கப்பட்டபோது ஆடப்பெற்றதும் சாந்திரியோனே. பனிபடர்ந்த அந்நகரிற் பெரும்புகழ் பெற்றும் அவர் அங்கே நிலைக்கவில்லை. அம்மாது அங்கே தங்க, அவர் பாரிசு திரும்பினார்.

இப்போது அவர் ஐம்பதை அணுகிவிட்டார். அரங்கிற்கு இசையமைக்கும் வாய்ப்புகள் குறைந்தன. நூல் வெளியிடுவோரோ எளியதே வேண்டும், யாவரும் உடனே வாசிக்கத்தக்கதே வேண்டும் என்றனர். நான்கு குரலும் ஒழுங்காக நடக்கும் இசையை எழுதினால், கடினம் என்று ஒதுக்கினர். அவரும் எளியன எழுதிக் கொடுத்தார். கொடுத்தவற்றிற்கு இட்ட பெயர்களில் தம் மனக்குமுறலைக் காட்டினார். ஆறு சிறு உருப்படிகள் அடங்கிய ஒரு தொகுதிக்கு என் சலிப்புகள் என்று பெயர். மற்றொன்றிற்கு, இதுதானா பார்ப்போம் என்னும் பொருளுடைய பெயரிட்டு, பொறுமை மிகக் குறைந்தவர் எவரோ அவர்க்கு அதனைக் காணிக்கையாக்கினார்! நூற்பெயர்களைக் கொண்டே ஆசிரியரின் கசப்பை அறிதல் வேறெங்கும் யாம் கண்டிலேம்.

1830 இல் அவர் கித்தார் முறை என்னும் தம் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். பயிற்சிகளை வரிசையாகத் தொகுத்துக் கொடுத்து, இவற்றை வாசி என்று பணிக்கும் நூலன்று அது. ஒவ்வொன்றிற்கும் காரணங் கூறும் நூல். கருவியை எவ்வாறு பிடித்தல் வேண்டும், இடக்கைப் பெருவிரல் கழுத்தின் பின்னே எங்கே நிற்றல் வேண்டும், வலக்கையிற் பெருவிரலும் அடுத்த இரு விரல்களுமே பெரும்பாலும் ஏன் போதும் என்பனவற்றை உடலமைப்பும் நரம்பின் இயல்பும் காட்டி வாதிக்கின்றார். கொம்பு, நாதசுரம் போன்ற ஊதுகருவிகளின் ஒலியைக் கித்தாரில் எழுப்பும் வகையும் உண்டு. நாதசுரம் என யாம் எழுதியது அவர் கூறும் ஓபோ என்னும் கருவியை, நம்மவர்க்கு இனம் விளங்கும் பொருட்டு. எல்லாவற்றினும் மேலாக, ஏணிபோல் இரண்டிரண்டு சுரமாக, மூன்றாஞ் சுர இடைவெளியிலும் ஆறாஞ் சுர இடைவெளியிலும் கழுத்து முழுதும் கை பழகுதலே கித்தாருக்குத் திறவுகோல் என்கின்றார். அது பழகிய கைக்கு எச்சுரக்கூட்டிலும் எந்தக் குரல் நிற்கும், எந்தக் குரல் நகரும் என்பது தானே புலப்படும். இந்நூல் 1832 இல் ஆங்கிலத்திலும் வந்தது. விற்பனையிற் பெருவெற்றி அடைந்ததாகத் தெரியவில்லை. காரணம் கேட்டுக் கற்பவர் எக்காலத்தும் சிலரே.

பாரிசில் அவர்க்கு வாய்த்த பெரும்பேறு தியோனிசியோ அகுவாதோ என்னும் நண்பர். அவரும் ஸ்பானியர், கித்தாரிற் பெரும்புலமை உடையவர். இருவரும் ஒரே விடுதியில் வாழ்ந்தனர். அகுவாதோ நகத்தால் மீட்டுவார். சோர் விரல்நுனியின் சதையால் மீட்டுவார். நகத்தின் ஒலி சோருக்கு ஆகாது. ஆயினும் தம் நூலில் நகத்தைக் கண்டித்த இடத்திலேயே அகுவாதோவை விலக்காக்கிப் புகழ்ந்தார். அகுவாதோவும் நண்பர் சொற்கேட்டுப் பெருவிரலில் மட்டும் நகத்தை விடுத்தார். இருவரும் ஒருங்கே வாசித்தற்கென இரு நண்பர்கள் என்னும் இரட்டைக் கித்தார் உருப்படி ஒன்றையும் சோர் இயற்றினார். கொள்கையில் மாறுபட்டும் அன்பிற் குறையாத இந்நட்பு, சிறு கருத்து வேற்றுமைக்கே பேச்சு நிறுத்தும் எம் போன்ற மாணவர்க்கு வெட்கந் தருவது.

முப்பத்தைந்தாம் எண்ணுள்ள அவரது தொகுதியில் இருபத்துநான்கு பயிற்சிகள் உள்ளன. அவற்றுள் இருபத்திரண்டாவது பி மைனர் என்னும் மேளத்தில் அமைந்தது. எளியது, விரைவு வேண்டாதது. கூட்டின் சுரங்களை ஒருங்கே மீட்டாது ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துச் செல்லுமாறு எழுதப்பெற்றது. மேலே ஒரு மெல்லிய பாட்டு நடக்க, கீழே அடிக்குரல் நடக்க, நடுக்குரல்கள் பல இடங்களில் நின்ற நிலையிலேயே நின்று, கூட்டு மாறிவிட்டதைக் காது உணர்ந்த பின்னரும் பழைய சுரமே புதுப்பொருளோடு ஒலிக்கின்றது. பி என்னும் சுரம் கித்தாரின் இரண்டாம் நரம்பில் விரல் படாமலே கிடைப்பது. அது பி மைனருக்கும் உரியது. ஜி மேஜருக்கும் உரியது. ஈ மைனருக்கும் உரியது. துயரக் கூட்டில் துயரமாகவும், தெளிந்த கூட்டில் தெளிவாகவும் அவ்வொரு சுரமே கேட்கின்றது. இதனை விளக்க யாம் எத்துணைச் சொற்களைச் செலவிட்டோம்! நிதானமாக ஒருமுறை வாசித்தால் மூன்று நிமிடத்திற்குள் விளங்கும்.

இறுதிக்காலம் துன்பமாயிற்று. 1837 இல் அவருடைய ஒரே மகள் இறந்தாள். அவள் ஆன்ம இளைப்பாற்றிக்கெனத் திருப்பலிப் பூசைக்கு இசையமைத்தார் தந்தை. மலைமேல் மடத்திற் கற்ற பல குரற் பாட்டிற்கே, நாடிழந்து மகளையும் இழந்த முதியவர் மீண்டார். அடுத்து நாவிலும் தொண்டையிலும் புற்றுநோய் கண்டது. பாட்டுக் கற்பித்துப் பிழைத்தவர் பேசவும் இயலாது வருந்தி, 1839 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10 ஆம் நாள் பாரிசில் உயிர் நீத்தார்.

அவர் உடல் மோன்மார்த்தர் இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டது. அவ்விடம் இன்னதென்பது பின்னர் மறக்கப்பட்டு, 1934 இலேதான் கண்டறியப்பட்டது. 1945 இல் அந்திரேஸ் செகோவியா என்னும் கித்தார்ப் பேராசான், சோரின் பயிற்சிகளுள் இருபதைத் தெரிந்தெடுத்துப் பதிப்பித்தார். நாட்டிற்குத் திரும்பாத சோரின் பயிற்சிகளை ஸ்பானியர் ஒருவரே உலகெங்கும் உள்ள மாணவர் கையிற் சேர்ப்பித்தார். பி மைனர்ப் பயிற்சி அப்பதிப்பில் ஐந்தாவதாக உள்ளது.